இரும்பு நாயகர்களுக்குப் படியளந்தவர்கள்

1980 ஜனவரி 26 அன்று ஜப்பானின் நகோயா டிவி ஒரு கார்ட்டூன் தொடரை அவசரமாக முடித்துவைத்தது. 52 வாரங்கள் ஓட வேண்டிய தொடர் 43-ஆவது வாரத்தோடு நின்றுபோனது. சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு வந்துகொண்டிருந்த அந்தத் தொடரின் பெயர் 'மொபைல் சூட் கண்டாம்'. பார்த்தவர்கள் குறைவு. செலவை ஏற்றிருந்த குளோவர் என்ற பொம்மை நிறுவனத்தின் சரக்கும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ஆனால் அடுத்த இரண்டே ஆண்டுகளில் அதே தொடர் ஜப்பானிய இளைஞர்களின் பைத்தியமாக மாறியது. இன்றுவரை அதன் வாரிசுத் தொடர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ரோபோ நாயகர்களின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்த நிகழ்வை ஒரே விதமாகத்தான் சொல்கிறார்கள்: கலைஞன் பெரிய கனவு கண்டான், பொம்மை வியாபாரி அதன் கழுத்தை நெரித்தான், ரசிகர்கள் காப்பாற்றினார்கள். கேட்க நன்றாக இருந்தாலும் இந்தக் கதை உண்மையில் பாதியைத்தான் சொல்கிறது. ராட்சத ரோபோ என்ற கதை வகையைப் பெற்றதும் வளர்த்ததும் பொம்மை வியாபாரம்தான். அந்த வகை தொட்ட உயரங்களும் அந்த வியாபாரத்துக்கு உள்ளேயே தொட்டவை. வியாபாரம் இழைத்த உண்மையான தீங்கு வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம்.

தொடக்கம் 1963 ஜனவரி 1. ஓசாமு தெசுகா தன் 'ஆஸ்ட்ரோ பாய்' மாங்காவை, அதாவது சித்திரக்கதையை, வாராந்தரத் தொலைக்காட்சித் தொடராக்கி ஃபுஜி டிவியில் ஏற்றினார். வாரம் அரை மணி நேரம் கார்ட்டூன் தருவது நடக்கிற காரியமா என்று தொழில் தெரிந்தவர்கள் சந்தேகப்பட்ட காலம் அது. தெசுகாவின் முஷி புரொடக்‌ஷன்ஸ் இரண்டு வழிகளில் அதை நடத்திக் காட்டியது. முதல் வழி, படங்களைக் குறைப்பது. திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒரே படத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தினால் விநாடிக்கு எட்டுப் படங்கள் வரைந்தால் போதும். பேசும்போது வாய் மட்டும் அசையும், முகம் அசையாது. பறக்கிற காட்சியை ஒரு முறை வரைந்து பத்து முறை பயன்படுத்துவார்கள். இரண்டாவது வழி, நஷ்டத்துக்கு விற்பது. ஓர் அத்தியாயத்துக்கு 5,50,000 யென் மட்டுமே வாங்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த எண்ணை ஆய்வாளர்கள் பிற்பாடு கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் செலவைவிடக் குறைத்தே விற்றார் என்பதில் தகராறு இல்லை. பற்றாக்குறையை வெளிநாட்டு விற்பனையும் பாத்திரத்தின் உருவத்தைப் பயன்படுத்துவதற்கான உரிமைத் தொகையும் ஈடுகட்டின. விளம்பரதாரரான மெய்ஜி சீகா மிட்டாய் நிறுவனம் தன் மார்பிள் சாக்லேட்டுடன் ஆஸ்ட்ரோ பாய் ஸ்டிக்கர்களைக் கொடுத்தது. குழந்தைகள் ஸ்டிக்கருக்காகவே சாக்லேட் வாங்கினார்கள். கார்ட்டூனுக்கு வருமானம் கார்ட்டூனிலிருந்து வர வேண்டியதில்லை என்ற பாடத்தை அந்தத் தொழில் முதல் தொடரிலேயே கற்றுக்கொண்டது.

அதே 1963 அக்டோபரில் மித்சுதெரு யோகோயாமாவின் 'டெட்சுஜின் 28' வந்தது. இதற்குப் பக்கபலம் கிளிகோ என்ற இன்னொரு மிட்டாய் நிறுவனம். ரோபோச் சிறுவனான ஆஸ்ட்ரோ பாய்க்கு மனசாட்சி உண்டு, ராட்சத ரோபோவான டெட்சுஜினுக்கு இல்லை. உலகப் போருக்காக ஜப்பானிய ராணுவம் உருவாக்கிய ஆயுதம் அது என்பதே கதை. ரிமோட் ஒரு சிறுவன் கையில் இருந்தால் அது நன்மை செய்யும், திருடன் கைக்குப் போனால் ஊரை அழிக்கும். பின்னால் வந்த ராட்சத ரோபோக்கள் பெரும்பாலும் டெட்சுஜினின் வாரிசுகள்தாம். ஆனால் மிட்டாய்க்காரர்களுக்கு வேண்டியது உறைமீது அச்சடிக்க ஒரு முகம். அந்த முகம் ரோபோவாக இருந்தாலும் நாய்க்குட்டியாக இருந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். அதனால் அறுபதுகளில் ரோபோ என்பது பல பாத்திரங்களில் ஒன்றாகவே இருந்தது, தனி வகையாகத் திரளவில்லை.

திரண்டது எழுபதுகளில். 1972 டிசம்பரில் கோ நாகாயின் 'மஸிங்கர் இஸட்' ஒளிபரப்பானது. அதன் புதுமை சிறியதுபோலத் தோன்றும், ஆனால் எல்லாவற்றையும் மாற்றியது: சிறுவன் வெளியே நின்று ரிமோட்டை அழுத்தவில்லை, ஒரு சிறிய விமானத்தில் பறந்துவந்து ரோபோவின் தலைக்குள்ளேயே அமர்ந்துகொண்டான். பண்டாய் என்ற பொம்மை நிறுவனத்தின் துணை நிறுவனமான போப்பி, 1973-இல் சுமார் 60 சென்டிமீட்டர் உயரமுள்ள பிளாஸ்டிக் மஸிங்கரை விற்றது. 1974-இல் வந்தது 'சோகோகின்' என்ற பெயரில் துத்தநாகக் கலவையில் வார்த்த சிறிய உலோக பொம்மை. கதையில் மஸிங்கரின் உடல் எந்த அபூர்வ உலோகத்தால் ஆனதோ, அந்த உலோகத்தின் பெயரையே பொம்மை வரிசைக்கும் வைத்துவிட்டார்கள். உள்ளங்கையில் வைத்தால் கனக்கும். முஷ்டி ஸ்பிரிங்கில் பாய்ந்து போகும். திரையில் பார்த்த பலத்தைக் கையில் எடைபோட்டுப் பார்க்க முடிந்த பொருள் அது. மிட்டாய் உறை தர முடியாத ஒன்றை இது தந்தது. முக்கியமாக, இதற்கு ரோபோதான் வேண்டும். உலோகத்தில் வார்ப்பதற்கு இரும்பு நாயகனே பொருத்தம். மஸிங்கருக்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு புதிய ரோபோத் தொடர்கள் முளைத்ததற்கு இந்த எளிய காரணமே போதும்.

அதன் பிறகு பொம்மை கதையின் உறுப்புகளையே தீர்மானிக்கத் தொடங்கியது. 1974-இன் 'கெட்டர் ரோபோ'வில் மூன்று விமானங்கள் ஒன்றையொன்று முட்டி, களிமண் உருகிச் சேர்வதுபோலச் சேர்ந்து ஒரு ரோபோ ஆகும். திரையில் அற்புதம்; கடையில் தலைவலி, ஏனெனில் அப்படிச் சேர்கிற பொம்மையை யாராலும் செய்ய முடியாது. 1976-இல் வந்த 'காம்பாட்லர் வி'யில் ஐந்து வாகனங்கள் சேர்ந்த விதம் நிஜத்தில் சாத்தியமானது. திரையில் எப்படிச் சேர்ந்தனவோ, அப்படியே குழந்தையின் கையிலும் சேர்ந்தன. பொம்மை வடிவமைப்பாளரும் அனிமேஷன்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் இது நடக்கும். இந்தத் தொடர்களில் வாராவாரம் தவறாமல் வரும் இணைவுக் காட்சியைக் கவனியுங்கள். கதவு திறக்கும், வாகனங்கள் கிளம்பும், பெயரை முழங்குவார்கள், ஒவ்வொரு பாகமும் ஒலியோடு பொருந்தும். ஒரு முறை வரைந்தால் போதும், ஓராண்டு முழுவதும் ஓட்டலாம் என்பதால் ஸ்டூடியோவுக்கு அது மிச்சம். எந்தப் பாகம் எங்கே மாட்டும் என்று சொல்லிக் கொடுக்கும் செய்முறை விளக்கம் என்பதால் பொம்மைக்காரருக்கு அது லாபம். குழந்தைக்கோ, சண்டைக்கு முன்னால் வாராவாரம் காத்திருந்து அனுபவிக்கும் சடங்கு. தெசுகா கண்டுபிடித்த சிக்கனமும் போப்பி கண்டுபிடித்த வியாபாரமும் சந்தித்த புள்ளி அது. இந்த வகையின் மிக அழகான மரபு என்று நான் கருதுவதும் அதையேதான்.

அப்படியானால் இவை அரை மணி நேர விளம்பரங்கள்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. இதற்கு விடை, ஸ்பான்சர் எதைக் கேட்டார் என்பதோடு எதைக் கேட்கவில்லை என்பதிலும் இருக்கிறது. ரோபோ வாராவாரம் வர வேண்டும், இணைய வேண்டும், சண்டை போட வேண்டும், நிறங்கள் எடுப்பாக இருக்க வேண்டும். இவ்வளவும் கிடைத்துவிட்டால் மீதி நிமிடங்களில் யார் யாருக்கு என்ன செய்கிறார்கள் என்பதில் பொம்மைக்காரருக்குப் பெரிய அக்கறை இல்லை. அந்த மீதி நிமிடங்களில்தான் கலை வளர்ந்தது. இயக்குநர் தாதாவோ நாகாஹாமா 1977-இல் தந்த 'வோல்டெஸ் ஃபைவ்' தொடரில் எதிரிகள் கொம்பு முளைத்த பிரபுக்கள். அவர்கள் நாட்டில் கொம்பு இல்லாதவர்கள் அடிமைகள். நாயகர்கள் எதிர்த்துப் போராடும் இளவரசன் அவர்களுடைய அண்ணன் முறை என்று கடைசியில் தெரியவருகிறது. பிலிப்பைன்ஸில் இந்தத் தொடரைக் குழந்தைகள் வெள்ளிக்கிழமைதோறும் பார்த்துக்கொண்டிருந்தபோது, 1979 ஆகஸ்டில், கடைசிச் சில அத்தியாயங்கள் மீதமிருந்த நிலையில் அதிபர் மார்கோஸ் அதைத் தடைசெய்தார். குழந்தைகளுக்கு ஆகாத வன்முறை என்பது அரசு சொன்ன காரணம். கொடுங்கோலரசை அடிமைகள் வீழ்த்தும் முடிவுதான் உண்மைக் காரணம் என்று அந்தத் தலைமுறை இன்றும் நம்புகிறது. எது உண்மையாக இருந்தாலும், வெறும் பொம்மை விளம்பரத்தை ஒரு நாடு இத்தனை ஆண்டுகள் நினைவில் வைத்திருக்காது. 2023-இல் மணிலாவின் ஜிஎம்ஏ தொலைக்காட்சி அதையே நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தது.

யோஷியுகி தோமினோ அதே 1977-இல் குளோவரின் பணத்தில் இயக்கிய 'ஜாம்பாட் 3' இன்னும் கடுமையான சான்று. பூமியைக் காக்கப் போராடும் குடும்பத்தை ஊர் மக்கள் நன்றியோடு பார்க்கவில்லை; உங்களால்தான் எதிரி இங்கே வந்தான், எங்கள் வீடு எரிந்தது என்று கல்லெறிகிறார்கள். எதிரி அகதிகளைப் பிடித்து அவர்களுக்கே தெரியாமல் உடலுக்குள் வெடிகுண்டு வைத்துத் திருப்பி அனுப்புகிறான். முடிவில் நாயகனின் குடும்பத்தார் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். மாலை நேரக் குழந்தைகள் நிகழ்ச்சியில் இப்படி ஒரு கதை. கலையைக் கண்டால் வெட்டுபவர் பொம்மை முதலாளி என்பது உண்மையானால், கத்தி முதலில் விழுந்திருக்க வேண்டிய இடம் இதுதான். விழவில்லை.

இப்போது 'கண்டா'முக்கு வருவோம். தோமினோவோடு யோஷிகாசு யாசுஹிகோ மனிதர்களையும் குனியோ ஓகவாரா இயந்திரங்களையும் வடிவமைத்தார்கள். பூமியின் கூட்டமைப்புக்கும், விண்வெளிக் குடியேற்றங்களிலிருந்து எழுந்த ஸியோன் அரசுக்கும் இடையே போர். தொடங்கிய ஒரு மாதத்தில் மனித குலத்தில் பாதி அழிந்துவிட்டது என்று தொடக்க வர்ணனையே சொல்லிவிடுகிறது. 15 வயது அமுரோ ரே சண்டைக்கு ஆசைப்படுகிறவன் அல்ல, அகப்பட்டுக்கொண்டவன். எதிரில் வருவது அரக்கன் அல்ல, மனைவிமக்கள் உள்ள சிப்பாய். ரோபோவும் அவதாரம் அல்ல, தொழிற்சாலையிலிருந்து வரிசையாக வெளிவரும் ராணுவத் தளவாடம். ஸ்பான்சர் இங்கே குறுக்கிட்டது உண்மை. பெரும்பாலும் வெண்ணிறமாக இருக்கட்டும் என்று படைப்பாளிகள் விரும்பிய உடலில் நீலமும் சிவப்பும் மஞ்சளும் ஏறின. பொம்மையாக விற்க வசதியாக ஓர் உதவி வாகனத்தைக் கதைக்குள் நுழைத்தார்கள். பிறகு திரைப்படமாகத் தொகுத்தபோது தோமினோ அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். இந்தச் சில்லறைத் திணிப்புகளைக் கொண்டு முழுத் தோல்வியையும் விளக்கிவிட முடியாது. குளோவரின் சரக்கு சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கானது; தொடரை உற்றுப் பார்த்தவர்களோ நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். அவர்கள் ஸ்பிரிங் முஷ்டி வாங்குகிற வயதைக் கடந்தவர்கள். பார்ப்பவர் ஒருவர், வாங்குபவர் வேறொருவர் என்று ஆனதால் வந்த நிறுத்தம் அது.

தொடரைக் காப்பாற்றியது ரசிகர்களின் கடிதங்கள் மட்டுமே என்பதையும் நான் ஏற்கமாட்டேன். மறு ஒளிபரப்புகள் பார்வையாளர்களைப் பெருக்கின, 1981-இல் திரைப்படங்கள் தொடங்கின, அந்த ஆண்டு பிப்ரவரி 22 அன்று டோக்கியோவின் ஷின்ஜுகுவில் படத்துக்காக நடந்த கூட்டத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திரண்டார்கள். எல்லாம் சரி. ஆனால் இவற்றுக்கு நடுவே, 1980 ஜூலையில், பண்டாய் 300 யென் விலையில் ஒரு பிளாஸ்டிக் மாடலைக் கடைக்கு அனுப்பியிருந்தது. பாகங்களை வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசி நாமே உருவாக்க வேண்டிய பொருள். அதன் அளவு 1/144. இந்தப் பின்னம்தான் என் வாதத்தின் மையம். மந்திர சக்தி கொண்ட வீரனை அளவுக்குச் சுருக்கி விற்க முடியாது. கண்டாமைச் சுருக்க முடிந்தது, ஏனென்றால் அதன் உயரம் 18 மீட்டர் என்று கதையே வரையறுத்திருந்தது. போர் விமானத்தையும் டாங்கியையும் மாடலாகச் செய்து பழகிய மாணவர்களின் பொழுதுபோக்குக்குள் ரோபோ நேராக நுழைந்துவிட்டது. இன்னொன்றும் நடந்தது. பழைய தொடர்களில் எதிரி வாரத்துக்கு ஒருவனாக வந்து வெடித்துப் போவான், அவனை யாரும் வாங்கமாட்டார்கள். கண்டாமில் எதிரியும் ஒரு ராணுவம் என்பதால் அவர்களுடைய ஸாகு ரோபோவும் நாயகனுக்குச் சமமாக விற்றது. ஒன்றே ஒன்றாக அல்ல, படையாகச் சேர்க்கும் அளவுக்கு விற்றது. தோமினோ கதைக்குக் கொடுத்த யதார்த்தமே பண்டாய்க்கு விரிந்த சரக்குப் பட்டியலாக ஆனது. 1982 ஜனவரியில் சிபா மாவட்டத்தில் ஒரு கடையில் மாடலுக்காக முண்டியடித்த சிறுவர்கள் எஸ்கலேட்டரில் சரிந்து காயமடையும் அளவுக்குப் பித்து முற்றியது. கலை வியாபாரத்தை வென்றது என்று இதைச் சொல்வது தவறு. கதைக்குப் பொருந்தாத பொம்மைக்காரர் போய், பொருந்திய பொம்மைக்காரர் வந்தார் என்பதே நடந்தது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட ஆழமானது. இந்தக் கதைகளின் ஊற்று பொம்மைக் கடை அல்ல, போர் நினைவு என்பார்கள். தெசுகா 1945-இல் ஒசாகாவின் குண்டுவீச்சில் உயிர் தப்பியவர். தோமினோ 1941-இல் பிறந்து தோற்ற நாட்டில் வளர்ந்தவர். எரியும் ஊர், அகதிகள், ராணுவத்தின் கைவிடப்பட்ட ஆயுதம் ஆகியவை எந்தச் சந்தையிலும் வாங்கியவை அல்ல. இதை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே நினைவு ஜப்பானில் நாவலானது, திரைப்படமானது, கெய்ஜி நகசாவாவின் ஹிரோஷிமா மாங்காவும் ஆனது. அது ஏன் சனிக்கிழமை மாலையில், மூன்று நிறம் பூசிய 18 மீட்டர் உருவத்துக்குள் ஏறி, பத்து வயதுப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது என்ற கேள்விக்குப் போர் நினைவிடம் பதில் இல்லை. சொல்ல வேண்டியதைத் தந்தது நினைவு. சொல்வதற்கு இடமும் உருவமும் வாரந்தோறும் கூலியும் தந்தது பொம்மை.

பணம் கெடுக்கவே கெடுக்காது என்று நான் சொல்ல வரவில்லை. அது எப்போது கெடுக்கும் என்பதை அமெரிக்கா காட்டியது. 1969-இல் 'ஹாட் வீல்ஸ்' கார் பொம்மையைச் சுற்றி ஒரு கார்ட்டூன் வந்தபோது, இது நிகழ்ச்சி வேடத்தில் வந்த விளம்பரம் என்று ஒளிபரப்பு ஆணையம் தலையிட்டது. ரீகன் காலத்தில் மார்க் ஃபௌலர் தலைமையிலான அதே ஆணையம் அந்தக் கட்டுகளைத் தளர்த்தியது. 1984 செப்டம்பரில் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' வந்தது. ஜப்பானின் தகாரா நிறுவனம் முன்பே விற்றுக்கொண்டிருந்த பொம்மைகளை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ வாங்கிக்கொண்டு, அவற்றுக்குக் கதை எழுத மார்வெல் காமிக்ஸை அமர்த்தியது. பெரும்பாலான ரோபோக்களுக்குப் பெயரும் குணமும் கொடுத்தவர் பாப் புடியான்ஸ்கி. நாயக ரோபோவான ஆப்டிமஸ் பிரைமுக்குக் குரல் கொடுத்த பீட்டர் கல்லன், வியட்நாம் போரில் பணியாற்றிய தன் அண்ணனின் அமைதியான பேச்சை மனதில் வைத்துப் பேசினார். அங்கும் கலைஞர்கள் இருந்தார்கள், நன்றாகவே உழைத்தார்கள். ஆனால் கதையே பொம்மை நிறுவனத்தின் சொத்தாக இருந்தது. 1986 ஆகஸ்டில் வந்த திரைப்படத்தில் பழைய வரிசை பொம்மைகளை அகற்றிப் புதிய வரிசைக்கு இடம் தரவேண்டியிருந்ததால் ஆப்டிமஸ் பிரைம் செத்தார். அரங்குகளில் குழந்தைகள் அழுதார்கள், பெற்றோர் கொதித்தார்கள், 1987-இல் அவரை உயிர்ப்பித்துக் கொண்டுவந்தார்கள். ஜாம்பாட்டின் மரணங்கள் கதை கேட்ட மரணங்கள், ஆப்டிமஸின் மரணம் கிடங்கு கேட்ட மரணம். ஜப்பானில் பொம்மைக்காரர் கதைக்குள் வாடகைக்கு இருந்தார், அமெரிக்காவில் அவரே வீட்டுக்காரர். 1990-இல் அமெரிக்க நாடாளுமன்றம் குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டத்தை இயற்றி விளம்பர நேரத்துக்கு வரம்பு கட்டியது; கதை யாருடைய சொத்து என்பதை அந்தச் சட்டமும் தொடவில்லை.

ஜப்பானிலும் அந்த வாடகை ஏற்பாடு நிலைக்கவில்லை. குளோவர் 1983-இல் திவாலானது. 1994-இல் கண்டாமைத் தயாரித்த சன்ரைஸ் ஸ்டூடியோவையே பண்டாய் தன் குழுமத்தில் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன்பே, 1973-இல், முஷி புரொடக்‌ஷன்ஸ் திவாலாகியிருந்தது. அது விட்டுச்சென்ற விலைமுறை மட்டும் சாகவில்லை. படத்தைச் செலவுக்குக் குறைவாக விற்பது, லாபத்தைச் சரக்கில் எடுப்பது என்ற ஏற்பாட்டில் சரக்கின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரே பிழைப்பார். வரைபவர்களிடம் அந்த உரிமை ஒருபோதும் இருந்ததில்லை. தாளுக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கும் கூலிதான் அவர்களில் பலருக்கு வாய்த்தது. வேலை மலிவாக முடியும் இடம் தேடி எழுபதுகளிலேயே கொரியாவுக்கும் பிறகு பிலிப்பைன்ஸுக்கும் போனது. கண்டாமின் நிறத்தை மாற்றியதற்காகப் பொம்மை முதலாளியைக் குறைசொல்லும் புத்தகங்கள் நிறைய உண்டு. வரைபவர்களின் கூலிக்காகக் குறைசொல்பவை மிகக் குறைவு. என் தீர்ப்பு நேர் எதிரானது. கதையைப் பொறுத்தவரை அந்த முதலாளிகளுக்கு இந்த வகை கடன்பட்டிருக்கிறது. உழைத்தவர்களைப் பொறுத்தவரை முதலாளிகள்தான் கடன்பட்டவர்கள். ஜப்பான் அனிமேஷன் படைப்பாளிகள் சங்கம் 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இருபதுகளில் இருக்கும் ஓர் அனிமேட்டரின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 11 லட்சம் யென்தான்.